இருபத்தேழாவது அறைக்கு எத்தனை?

பெட்டியைத் தூக்கித் தரையிலுள்ள இரும்புத் தட்டின் மேல் வைத்தால், எனக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் கதவு மூடியிருக்கிறது.

இவ்வளவுதான் புதிர். காலை ஒன்பது மணியிலிருந்து அதிலேயே கிடந்தேன். நேரம்தான் பிரச்சினை என்று முதலில் நினைத்தேன். கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், அதற்குள் ஓடிவிட வேண்டும் என்று. வேகமாகத் திரும்பினேன். மூடியிருந்தது. கதவுக்கு அருகிலேயே நின்று பெட்டியைத் தட்டின் மேல் எறிந்தேன். திறந்த சத்தம் கேட்டது, கண் எதிரே கதவு மூடியிருந்தது. பெட்டியின் எடை போதவில்லையோ என்று அதன் மேலேறிக் குதித்தும் பார்த்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பகலவன் என்பவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து கணினி விளையாட்டுகள் செய்கிறார்கள். விளையாடுகிறவரின் உருவம் திரையில் தெரியாது. நாமே ஓர் அறைக்குள் நிற்பது போல, நம் கண் எதைப் பார்க்குமோ அது மட்டும் தெரியும். ஒவ்வோர் அறையும் ஒரு புதிர், அவிழ்த்தால் அடுத்த அறை. செய்தவர்களுக்கு விடை தெரியும். அதனாலேயே அது எவ்வளவு கடினம் என்று அவர்களால் சொல்ல முடியாது. விடை தெரிந்தபின் எந்தப் புதிரும் சுலபம்தான். தெரியாமல் இருந்த நிலைக்கு யாராலும் போக முடியாது. ஆகவே அறைகளை எனக்கு அனுப்புவார்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து, பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுவேன். அந்த எண்களை வைத்துத்தான் அறைகளை வரிசைப்படுத்துவார்கள். ஒன்பது வாங்கிய அறை மூன்றாவதாக வந்துவிட்டால் ஆள் வெறுத்துப்போய் மூடிவிடுவான். இரண்டு வாங்கிய அறை இருபதாவதாக வந்தால் கொட்டாவி விடுவான்.

நான்கு வருடம் என் எண்களை அவர்கள் கேள்வி கேட்டதேயில்லை. கடந்த நான்கு மாதமாகத்தான் பகலவன் அடிக்கடி கூப்பிடுகிறார்.

"அண்ணே, எல்லாத்துக்கும் எட்டு, ஒம்பதுன்னு போட்டுக்கினு இருக்கீங்க. ரூமுங்க கஷ்டமாயிடுச்சா, நீங்க ஸ்லோ ஆயிட்டீங்களா?"

"ரூமுதான் கஷ்டம்" என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி தேவிப்ரியா வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள். கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் எங்களுடையது ஒரே கூடம் கொண்ட வாடகை வீடு. அவளால் இந்த விளையாட்டைப் பார்க்க முடியாது, தலை சுற்றும். உடம்பு அசைவதைக் காதுக்குள் இருக்கும் ஓர் உறுப்பும் கண்ணும் தனித்தனியாக மூளைக்குச் சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டும். வெள்ளிமலை பஸ்ஸில் மலைப்பாதை வளையும்போது காது 'திரும்புகிறோம்' என்கிறது. முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'இல்லை' என்கிறது. விளையாட்டில் அப்படியே தலைகீழ்: கண் திரும்புகிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. பிரியாவுக்கு இரண்டுமே ஆகாது. அதனால் என் நாற்காலிக்குப் பின்னால், திரைக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி தையல் மெஷினைப் போட்டிருந்தாள்.

நான் மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டால் மெஷின் நிற்கும்.

"இன்னா இருக்குது, சொல்லுங்க."

நான் சொல்வேன். இடது பக்கம் விளக்கு, வலது பக்கம் படி, மேலே ஒரு துளை. அவள் ஒரு கேள்வி கேட்பாள், ஒன்றே ஒன்று. "துளை வழியா வெளிச்சம் வருதா, போவுதா?" என்கிற மாதிரி. அதற்குப் பதில் தேடும்போது விடை கிடைத்துவிடும். "எத்தினி போடலாம்?" என்று கேட்பேன். "நாலு" என்பாள். நாலு என்று எழுதுவேன். அவள் ஓர் அறையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

போன வருடக் கடைசியில் அவர்களுடைய முதல் விளையாட்டு வெளியானது. இனிப்பு வாங்கிவந்து, கடைசிவரை விளையாடி, முடிவில் பெயர்கள் ஓடும் இடத்துக்கு வந்தேன்.

"யார் யார் பேரு வருது? படிங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

படித்தேன். பகலவன், அவர் நண்பர்கள், இசை அமைத்தவர், கடினம் கணித்தவர் என்று என் பெயர், நன்றி என்ற தலைப்பில் அவர்கள் அலுவலக நாய் பிஸ்கட்.

"நாய் பேரு கூடவா?"

"ஆமா" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து நான் பெருமூச்சு விட்டாலும் மெஷின் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, வெள்ளிமலையில் சாமையும் தினையும் பாக்கெட் போடும் மகளிர் குழுவில் வேலை கிடைத்தது என்று கிளம்பினாள். தோழி ராதிகாவோடு தங்கல். வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் ஏறிப் போனாள். அதன்பின் இரண்டு முறை பேசினோம். ஒரு முறை ரேஷன் கார்டைப் பற்றி, இன்னொரு முறை கேஸ் புத்தகத்தைப் பற்றி.

இருபத்தேழாவது அறைக்கு மாலை ஐந்து மணிக்குள் எண் வேண்டும் என்றார் பகலவன். எனக்கு எண்ணைவிட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. 'வந்துடு பிரியா' என்ற வாக்கியத்தை நான்கு மாதமாகத் தயாராக வைத்திருந்தேன். ஒரு மணிக்கு அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். கூப்பிட்டேன்.

"சொல்லுங்க."

"பிரியா..."

"இன்னா, ரூமா?"

என்னவோ, "ஆமா" என்று வந்துவிட்டது.

அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கும் சத்தம் குறைந்தது. தள்ளிப் போய் நிற்கிறாள் போலும். "இன்னா இருக்குது, சொல்லுங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் நாற்காலியை அவள் உட்காரும் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. சொன்னேன். தட்டு, பெட்டி, சத்தம், மூடிய கதவு, எறிந்தது, குதித்தது எல்லாம்.

"மூடுற சத்தம் எப்ப கேக்குது?"

"திரும்பச்சே."

"திரும்பாம நின்னா?"

"திரும்பாம எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். கேக்குதான்னு சொல்லுங்க."

பெட்டியைத் தட்டில் வைத்துச் சுவரைப் பார்த்து நின்றேன். கதவு திறந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூடும் சத்தம் வரவேயில்லை. நான்கு மணி நேரமாகக் கதவை மூடிக்கொண்டிருந்தது நேரமும் இல்லை, எடையும் இல்லை. என் பார்வை.

"கிடைச்சிடுச்சு" என்றேன். "எத்தினி போடலாம்?"

"எனக்கு ரெண்டு. உங்களுக்குப் பத்து."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பகலவன்கிட்ட உன் பேரையும் போடச் சொல்றேன், பிரியா."

"எங்க, பிஸ்கட்டுக்குக் கீழயா?"

"நான் தப்பு பண்ணிட்டேன். வந்துடு."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"நாலு வருசம் உங்க பின்னாடி உக்காந்திருந்தேன்" என்றாள். "எனக்கு எதிர்க்க இருந்த சுவத்துல இன்னா இருக்குது, சொல்லுங்க."

"இப்ப திரும்பிப் பாத்து..."

"பாக்காம சொல்லுங்க. அவங்க ரூமெல்லாம் அவ்ளோ சொல்லுவீங்களே. நம்ம வூட்டு சுவரு."

எனக்குத் தெரியவில்லை. காலண்டரா? அது சமையலறையில். கண்ணாடியா?

"பாருங்க இப்ப" என்றாள்.

பார்த்தேன். "ரெண்டு ஆணி இருக்குது."

"நூல்கண்டு வைக்கப் பலகை கேட்டேன். ஆணி அடிச்சீங்க. பலகை வாங்கியாரேன்னீங்க. அது மொத வருசம்."

"இன்னிக்கே வாங்கி மாட்டிடறேன்."

"யாருக்கு? மெஷினை ராதிகா ஆளுவுட்டு எடுத்தாந்துட்டா. போன மாசமே. நீங்கதான கதவைத் திறந்து விட்டீங்க."

ஆமாம், நான்தான் திறந்துவிட்டேன். விளையாட்டில் ஓர் அறையின் நடுவில் இருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.

"எனக்கு இங்க தலை சுத்தல இப்ப" என்றாள். கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "மலை ஏறச்சே வாந்தி எடுத்தேன், அவ்ளோதான். இன்னொரு தபா எடுக்க மாட்டேன். சாப்ட்டீங்களா?"

"இல்ல."

"சாப்புடுங்க. வச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

நாலு மணிவரை ஒன்றும் செய்யவில்லை. பிறகு பகலவனுக்கு எழுதினேன். முதல் நான்கு வருடம் நான் அனுப்பிய எண்கள் எல்லாம் இரண்டு பேர் சேர்ந்து அவிழ்த்துப் போட்ட எண்கள் என்றும், தனியாக விளையாடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்றோ நான்கோ கூட்டிக்கொள்ள வேண்டும் என்றும், கேள்வி கேட்டவர் தேவிப்ரியா என்றும், இனி எனக்கு அறைகள் அனுப்பும் முன் யோசித்துக்கொள்ளும்படியும் எழுதினேன். இருபத்தேழாவது அறைக்கு எண் பத்து, நேரம் நான்கு மணி ஏழு நிமிடம், அதுவும் உதவியோடு. அதன் கீழே, வழக்கம்போல், விடை:

பெட்டியைத் தட்டின் மேல் வைக்கவும். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் திரும்ப வேண்டாம். கதவு பார்வையில் பட்டால் மூடிக்கொள்ளும். எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, பின்னால் நகரும் பொத்தானை அழுத்திக்கொண்டு, முதுகுப்பக்கமாக நடந்து வெளியே போகவும்.