நாற்பது சென்டிமீட்டர்

ஆறு மணி அளவை அவர் ஆறு பத்துக்கு எடுத்தார். மூன்று வருடத்தில் முதல் தாமதம்.

கடைமடை வாய்க்காலின் சுவரில் ஒரு இரும்புப் பலகை அறைந்திருக்கிறது. அதில் சென்டிமீட்டர் கோடுகள். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைத் தினமும் பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. அவருக்குப் பெயரே சென்டிமீட்டர் என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நாற்பது என்று எழுதினார். வாய்க்கால் படியில் யாரோ இறங்கி ஏறிய ஈரத் தடம் இருந்தது. சின்னப் பாதம். மிதிக்காமல் தாண்டி வந்தார்.

நாற்பது பொய்யில்லை. தண்ணீரின் மேல்மட்டம் நாற்பதில்தான் நின்றது. ஆனால் அடியில் வண்டல். போன வருடம் பேனா தவறி விழ, எடுக்க இறங்கியபோதுதான் தெரிந்தது. குச்சியை விட்டுப் பார்த்தார். தண்ணீர் பன்னிரண்டு சென்டிமீட்டர். பலகையின் மீதி இருபத்தெட்டும் வண்டலுக்குள் புதைந்து கிடந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே பொறியாளர் அவரைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்தினார். "ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கார். இந்த ஆத்துத் திட்டத்துக்கே அஸ்திவாரம் இவரோட ஏடுதான்." கைதட்டினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்காக எழுந்த முதல் கைதட்டல். பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் காலை நாற்பது என்று எழுதினார்.

கோடையில் தூர் வாருவார்கள், ஏடு தானே சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார். கோடை வந்தது. ஏட்டில் தண்ணீர் தாராளமாக ஓடும் வாய்க்காலை யார் தூர் வாருவார்கள்? ஒருமுறை பொறியாளரே வந்து பலகையைப் பார்த்தார். அவர் படித்ததும் நாற்பதுதான்.

அளவு தாமதமான அந்த நாளில், ஆற்று நீரைப் பங்கிடும் கூட்டம் பத்தரை மணிக்கு. அந்த ஆற்றைக் குடிப்பவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. தலைமடை விவசாயிகள், கடைமடை விவசாயிகள், நகரக் குடிநீர்க்காரர்கள், சாயப்பட்டறைக்காரர்கள். அதற்கு முன் அவர்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் காவல் நிலையத்தில். சென்டிமீட்டருக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி.

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். நகரத்தில் குழாய்கள் காற்றை ஊதுகின்றன. ஆறு கடலைத் தொட்டு நாலு வருடம் ஆகிறது. ஆற்றுக்கும் ஒரு பங்கு விட வேண்டும்.

"கடைமடைக்குத் தேவைக்கு மேலயே போகுது. மூணு வருஷ ஏடு இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் தண்ணி முறைய அவங்க விட்டுக்குடுத்தா எல்லாருக்கும் சரியா வரும்."

"ஏடு சொன்னா சரிதான் மேடம்," என்றார் தலைமடைத் தலைவர். "ஆனா வருஷா வருஷம் பயிர் காயுதுன்னு எங்க கழுத்தைப் புடிச்சாங்களே. அவ்வளவு தண்ணியையும் குடிச்சது யாரு, நண்டா?"

மேசை சிரித்தது. சென்டிமீட்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைமடைச் சங்கத்தின் தலைவி எழுந்தாள். சென்டிமீட்டரின் அக்கா. சங்கத்துக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள்.

"சிரிங்கண்ணே, சிரிங்க. தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்னன்னு நீங்க பேசலாம். எங்களுக்கு விரக்கடையும் கணக்கு."

"அந்தக் கணக்கைத்தான் உங்க தம்பியே எழுதி வெச்சிருக்காரே, தாயி."

"ஆமா. அதனாலதான் வந்தேன். எங்க ஆளுங்க ஒருத்தரும் சம்மதிக்கல. நான்தான் சொன்னேன், அளந்தது என் தம்பி, அவன் கையில பொய் வராதுன்னு."

ஒப்பந்தத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்கள். பேனாவைத் திறந்தாள்.

சென்டிமீட்டர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை ஒரு விரல் நகர்த்தி வைத்தார். அதற்காகவே எழுந்தவர்போல் மறுபடி உட்கார்ந்தார். காது மடல் சுட்டது.

அக்கா அந்தக் குவளையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"என் பக்கத்து வயல்காரனைத் தண்ணித் திருடன்னு ஆறு மாசமா ஏசிட்டிருக்கேன். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகல. ஏட்டுல நாப்பது இருக்கு, என் வயலுக்கு வரல, அப்ப நடுவுல அவன்தானே எடுத்திருக்கணும்? நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னேன். அவன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். 'போடுங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பலகைகிட்ட ஒரு தடவை இறங்கி நில்லுங்க.'"

"நின்னீங்களா?" என்றார் பொறியாளர்.

"நின்னேன். விடியக்காலையில."

அவள் குனிந்து சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கினாள். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கையை வைத்தாள். அங்கே சேறு காய்ந்து ஒரு கோடு போட்டிருந்தது. அவள் கழுவாமலே வந்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் மேசை மேலிருந்த பதிவேட்டைத் திறந்தார். எந்தப் பக்கம் என்று தெரியாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. தலைமடைக்காரரையும் பார்க்கவில்லை. சுவரோரத்து நாற்காலியை மட்டும் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"எனக்குப் படிப்பு கம்மி. நீயே சொல்லு தம்பி. நாப்பது சென்டிமீட்டர்னா, என் கால்ல எதுவரைக்கும் வரணும்?"