கவிழ்த்த வாளி

என் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். வினையே அங்கேதான் வந்தது.

முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவம். "பணியிடத்தில் ஓய்வு: பெண் தொழிலாளர்களின் அனுபவங்கள்" என்பது தலைப்பு. ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினொரு பெண்களிடம் பேச அனுமதி வாங்கியிருந்தேன். எட்டு மணி நேரமும் நின்றே செய்யும் வேலை. அங்கே ஒரு நாற்காலி கிடையாது. வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது விதி.

இருபத்திரண்டு கேள்விகளோடு போனேன். "உங்கள் பணிச்சூழலை எவ்வாறு உணர்கிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. இஸ்திரி இயந்திரத்தின் முன் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா உணர்றோம்மா," என்றார். இரண்டு வாரமும் இதே கதைதான். எல்லோருக்கும் எல்லாமே நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைப் போட்டால் இயந்திர இரைச்சலும் நடுநடுவே என்னுடைய "ம்ம்... ம்ம்..."மும்தான். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு மணி நேரம் ஆனது. எழுதி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நான்தான் பேசியிருந்தேன்.

மூன்றாம் வாரம் ரேடியோ அக்கா ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் திணித்தார். அந்தப் பிரிவிலேயே பெரிய தொண்டை அவருடையது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"சும்மா நிக்கறதுக்கு இதைப் பிடி. மடிக்க ரெண்டு பேர் வேணும்."

உதறி, இழுத்து, எதிரெதிராக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கேள்வித்தாளைப் பார்க்க எனக்குக் கை இல்லை. வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்தாவது விரிப்பில் அவர் தானாகப் பேச ஆரம்பித்தார். போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும்.

துணி அறையில், மூன்றாவது அடுக்குக்குப் பின்னால், ஒரு வாளி கவிழ்ந்து கிடக்கும். முறை வைத்து ஒவ்வொருவராகப் போய்ப் பத்து நிமிடம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அந்த நேரத்தில் அவர் வேலையையும் மற்றவர்கள் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். சூப்பர்வைசர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவர். வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டதும் ரேடியோ அக்கா, "தலையணை உறையை எவடி எடுத்தது?" என்று கத்துவார். உள்ளே இருப்பவர் எழுந்து வந்துவிடுவார்.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டணும்னா, அந்த வாளிதாம்மா எனக்குக் காலு. அது இல்லேன்னா எப்பவோ வேலைய விட்டிருப்பேன்." இரண்டு விரிப்புக் கழித்து, "எம்பேரு வராதுல்ல?" என்றார்.

"வராதுக்கா. நீங்கதான்னு யாருக்கும் தெரியாது."

என் வழிகாட்டிப் பேராசிரியை அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "இதுதான் உன் ஆய்வோட உயிர். மத்ததெல்லாம் சக்கை. இன்னும் விவரமா எழுது," என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விவரமாக எழுதினேன். பெயர்களை எடுத்தேன், வயதை மாற்றினேன், ரேடியோ அக்காவைப் 'பங்கேற்பாளர் நான்கு' ஆக்கினேன். மூன்றாவது அடுக்கை மட்டும் மூன்றாவது அடுக்கு என்றே எழுதினேன். தலையணை உறையையும் விட்டுவைக்கவில்லை.

முடிந்த ஆய்வேட்டில் ஒரு பிரதியை நிர்வாகத்துக்குத் தர வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தில் இருந்த நிபந்தனை. இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று அனுப்பிவைத்தேன்.

பத்து நாள் கழித்து, நன்றி சொல்லலாம் என்று பிஸ்கட் பொட்டலங்களோடு போனேன். துணி அறைக் கதவில் உள்ளே தெரியும்படி கண்ணாடி பதிக்கப்பட்டிருந்தது. அடுக்குகளைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். வாளியைக் காணோம்.

சூப்பர்வைசரின் மேசையில் என் ஆய்வேடு, ஓரமெல்லாம் பென்சில் குறிகளோடு கிடந்தது.

"சார், நான் எழுதினது தப்பு. வாளியைத் திரும்ப வெச்சிடுங்க."

"தப்பா? ஒரு வரி விடாமப் படிச்சேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருஷமா எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? செருப்பை ஏம்மா தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறேன்? எந்திரிக்க அவங்களுக்கு நேரம் வேணாமா?"

ஆய்வேட்டை என் பக்கமாகத் தள்ளினார்.

"படிச்சுட்டு நடவடிக்கை எழுதுன்னு மேலேருந்து தாள் வந்துச்சு. பார்க்காத மாதிரி இருந்தேன், இருக்க முடிஞ்சது. படிச்சேன்னு கையெழுத்துப் போட்டப்புறம் எப்படிம்மா இருக்கறது?"

ரேடியோ அக்கா இன்னொருவரோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த இன்னொருவர் முனைகளைப் போட்டுவிட்டு இயந்திரத்துப் பக்கம் போய்விட்டார்.

"மன்னிச்சுடுங்கக்கா."

"எதுக்கு? எம்பேரு வரலையே. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே." குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றார். "அந்தப் போனை எடு. பதிவு பண்ணு."

எடுத்தேன்.

"இங்க வேலை நேரத்துல யாரும் உட்கார்றதில்ல," என்றார், சூப்பர்வைசர் அறைவரை கேட்கும் குரலில். "வாளின்னு நான் சொன்னதெல்லாம் சும்மா கதை." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இப்படி எழுதிக் குடுத்தா மறுபடி விட்டுருவாங்களாம்மா?"

"தெரியலக்கா. கேட்டுப் பார்க்கலாம்."

"எழுதினா உன் மார்க்கு போயிடுமா? போகும்னா வேணாம்."

போகும். மதிப்பெண் இன்னும் போடவில்லை; வாளிப் பக்கங்களை எடுத்தால் மிஞ்சுவது சக்கைதான்.

"போகாதுக்கா," என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த முனைகளைக் குனிந்து எடுத்தேன்.