பந்தலுக்கு மாறிய கூடாரம்

ஓடைப்பட்டியில் நண்பரின் திராட்சைத் தோட்டத்துக்கு வந்த இடத்தில், மலை நன்றாகத் தெரியவேண்டும் என்று பொட்டலில் கூடாரம் அடித்துவிட்டான் வேல்பாண்டி. உச்சிவெயிலில் உள்ளே அனல் தகித்தது. மூன்று வயது மகள் ஓவியா முகம் சிவந்து சிணுங்கினாள். அவன் மனைவி யுவராணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

வேல்பாண்டி கூடாரத்தின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து ஜிப்பை இழுத்து மூடினான்.

"கொஞ்சம் பொறு, குளுந்துரும்."

"எங்கிட்டுக் குளுருது? இட்லிச்சட்டிக்குள்ள வச்ச மாதிரில்ல அவியுது. பிள்ளையப் பிடிங்க!"

வெளியே வந்து முளைகளைப் பிடுங்கினாள். கூடாரத்தைத் திராட்சைப் பந்தல் நிழலுக்கு இழுத்துப்போய் ஊன்றி, மேலுறையைக் கழற்றி, இரண்டு பக்க வாசலையும் திறந்துவிட்டாள்.

"இங்கன மலையே தெரியலையே" என்றான் அவன்.

"மலை எங்கயும் ஓடிப்போயிராது."

சற்று நேரத்தில் மேற்கிலிருந்து வந்த காற்று ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறியது. ஓவியா தூங்கிப்போனாள். பக்கத்திலேயே வேல்பாண்டியும் குறட்டை விட்டான். யுவராணி மட்டும் கண்ணை மூடவில்லை. நிழல் விலகுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.