அரைச் சுருதி

அமில்கரே போர்ஸாத்தி மூன்று வாரமாகப் பாடவே இல்லை. ஒத்திகைக்கு வந்தார், வாயை அசைத்தார், போனார். கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மேல் ஸ்தாயியில் பாட வேண்டியதையெல்லாம் கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்துவிட்டு, தொண்டை மாத்திரையைச் சப்பியபடி காரில் ஏறிவிடுவார். உச்ச ஸ்தாயியில் பாடுகிற ஆண் பாடகர்களில், பேர்பெற்ற டெனர்களுக்கு அந்த உரிமை உண்டு. குரலைச் சேமிக்கிறார்களாம். கோரஸில் நிற்கிறவன் அப்படிச் சேமித்துப் பார்க்கட்டும், மறுநாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து சேமித்துக்கொள்ளலாம்.

நிவெஸுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். சான் வித்தாலே ஊரின் ஆப்பரா தியேட்டரில் பாடகர்களுக்கு வரி எடுத்துக்கொடுக்கிற வேலை அவளுடையது. மேடையின் முன்விளிம்பில், தலைக்கு மேல் மரக்கவிகை போட்ட ஒரு குழி. சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதற்குள் உட்கார வேண்டும். ஒவ்வொரு வரியும் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அதன் முதல் சொல்லை மேடைக்கு மட்டும் கேட்கிற மாதிரி எடுத்துவிட வேண்டும். குழியிலிருந்து அவள் பார்ப்பது முக்கால்வாசியும் செருப்புகள்தான். சங்கீதக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கினவளுக்குக் கிடைத்த இடம் அது. அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. அப்பா ப்ரிமோ பன்றித்தொடைக்கு உப்புத் தேய்க்கிற கொட்டகையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தியேட்டரின் உச்சி மாடியில், மலிவு டிக்கெட் காலரியில் உட்கார்ந்து பாடகர்களுக்கு உப்புத் தேய்ப்பார்.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"என்னடி, உங்க ஆளுக்குக் குரல் இருக்கா, போயிடுச்சா?"

"யாரு கண்டா? கேட்டவங்க ஒருத்தரும் இல்ல."

"நீ அவன் காலடியிலதான உக்காந்திருக்க?"

"உக்காந்து அவரு மூக்கு உறிஞ்சறதத்தான் கேட்டேன்."

அம்மா சிரித்தாள். சூப்பில் இறைச்சி அடைத்த அனொலீனி உருண்டைகள் மிதந்துகொண்டிருந்தன. ப்ரிமோ விடவில்லை. "அம்பத்தெட்டு வயசு ஆயிடுச்சு அவனுக்கு. நாளைக்கு மூணாம் அங்கத்துல அந்த 'தோ' வருமா?"

'தோ' என்றால் அந்த உச்ச ஸ்வரம். ஆற்றங்கரையில் உப்புக் கடத்துகிறவன் காதலியை நினைத்துப் பாடுகிற பாட்டின் முடிவில் வருகிறது. அந்த ஆப்பராவுக்குச் சான் வித்தாலேக்காரர்கள் டிக்கெட் வாங்குவதே அதற்காகத்தான். அது வராத டெனர்கள் பாட்டு முழுவதையும் அரைச் சுருதி இறக்கிப் பாடித் தப்பித்துக்கொள்வார்கள். உலகமெங்கும் நடக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த ஊரில் காலரிக்குத் தெரியும். தெரிந்தால் கேலி விசில்தான். இங்கே விசிலடி வாங்கினவனை மறுமாதம் எந்த ஊரும் கூப்பிடாது.

"அரைச் சுருதி இறக்கித்தான் பாடப் போறாரு," என்றாள் நிவெஸ். "இறக்கி எழுதின தாளெல்லாம் வந்தாச்சு. என் கண்ணால பாத்தேன்."

ப்ரிமோ கரண்டியைக் கீழே வைத்தார். "நிஜமாவா?"

"பின்ன என்ன?"

தாள்களைப் பார்த்தது நிஜம். அவை போர்ஸாத்திக்கு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கோபம் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது.

மறுநாள் சீசனின் முதல் காட்சி, மதியம் மூன்று மணிக்கு. நிவெஸ் குழிக்குப் போகிற வழியில் ஓபோக் குழல் வாசிக்கிற எவாரிஸ்தோவின் ஸ்டாண்டைப் பார்த்தாள். பழுப்பேறிய பழைய தாள்கள். மூலச் சுருதி.

"இறக்கி எழுதினது எங்க?"

"அதுவா? மாத்து ஆளு வந்தா வேணுமேன்னு எழுதினது," என்றான் அவன், ஓபோவின் நாணல் நாக்கை எச்சிலில் நனைத்துக்கொண்டே. "கிழவரு அதத் தொட்டுக்கூடப் பாக்கல. 'என் சாவுக்கு அப்புறம் வாசிங்க'ன்னுட்டாரு. ஏன், பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

காலரிக்கு ஐந்து மாடி ஏற வேண்டும். ஏறலாம் என்று காலைத் திருப்பினாள். மணி அடித்துவிட்டது. அவள் சொன்னது மேலே ஏற்கெனவே காய்ச்சல் மாதிரி பரவியிருக்கும். உப்புக் கொட்டகை, சீஸ் கிடங்கு, தக்காளி ஆலை என்று எல்லோரும் விசிலுக்கு விரலைத் துடைத்து வைத்திருப்பார்கள். அவள் குழிக்குள் இறங்கினாள். விளக்குகள் அணைந்தன.

முதல் இரண்டு அங்கத்திலும் போர்ஸாத்தி பாடினார், அவ்வளவுதான். குறை சொல்ல முடியாது, கொண்டாடவும் முடியாது. காலரி கைதட்டாமல் காத்திருந்தது. அந்த மௌனம் நிவெஸின் பிடரியில் ஈரத்துணி மாதிரி கிடந்தது.

மூன்றாம் அங்கத்தில் அவர் மேடையின் முன்விளிம்புக்கு வந்தார். அவள் மூக்குக்கு எதிரே ஒரு கை தூரத்தில் அவருடைய பூட்ஸ். பாட்டு தொடங்கியது. முதல் வரியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, இது வேறு ஆள். அதுவரை பாடியவர் சில்லறைதான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணாந்து பார்த்தாள். விலா எலும்புகள் சட்டைக்குள் கதவு திறப்பது போல் விரிந்தன. தோள் அசையவில்லை, கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கவில்லை. நாக்கு தூங்குகிற குழந்தையைப் போலப் படுத்திருந்தது. விளக்கொளி அண்ணம்வரை போய் விழுந்தது.

'தோ' வந்தது.

அவர் எதையும் எட்டிப் பிடிக்கவில்லை. அது எப்போதும் அங்கேயே இருந்தது போலவும் அவர் வழியை மட்டும் விட்டு விலகி நின்றது போலவும் இருந்தது. தலைக்கு மேலிருந்த மரக்கவிகை அதிர்ந்தது. மடியிலிருந்த தாள் நடுங்கியது. பற்களின் வேரில் அவளுக்கு அது கேட்டது. ஒரு மனித உடம்பு, முந்தாநாள் ஒத்திகையில் வயிறு சரியில்லை என்று வெந்த சோற்றை மட்டும் தின்ற உடம்பு, இதைச் செய்கிறது! கல்லூரியில் ஐந்து வருஷம் இதைப் பற்றிப் படித்தாள். யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல முடிகிற விஷயமும் இல்லை. அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க மறந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. அவர் தானாகவே பாடி முடித்தார்.

பிறகு மேலேயிருந்து ஒரு விசில். இரண்டு விரல் விசில், ஆற்றோரம் நாயைக் கூப்பிடுகிற விசில். அது யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அதன் பின்னாலேயே நூறு விசில்.

"ஏய் போர்ஸாத்தி! மீதி அரைச் சுருதிய எந்தப் பாக்கெட்ல வச்சிருக்க?"

"வூட்டுக்குப் போய் சூப்பக் குடி தாத்தா!"

"எங்கள சுருதி தெரியாத மிலான்காரன்னு நெனச்சியா?"

அவர்கள் காதில் விழுந்தது மூலச் சுருதிதான். ஆனால் அவர்கள் காத்திருந்தது வியர்வைக்கு. முகம் சிவக்கும், கழுத்து புடைக்கும், கை ஆதரவு தேடும், அப்புறம் 'தோ' வரும். அப்படித்தான் எல்லா டெனரும் அங்கே பாடியிருக்கிறார்கள். நாள் முழுக்கப் பாரம் தூக்குகிறவர்களுக்கு, சிரமமில்லாமல் ஒன்று மேலே போகும் என்பதை நம்ப முடியவில்லை. அதோடு உள்ளே வேலை பார்க்கிற பெண்ணே சொல்லியிருக்கிறாளே.

வாத்தியக்காரர்களை நடத்துகிற மாயெஸ்ட்ரோ கோலைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு அவமானமாம். குழியின் பக்கத்துச் சிறிய கண்ணாடியில் அவர் கைக்குட்டை எடுப்பது தெரிந்தது. போர்ஸாத்தி அசையவில்லை. பூட்ஸ் இரண்டும் அப்படியே நின்றன. ஆனால் கைவிரல்கள் தொடைத் துணியைக் கசக்கிப் பிடித்தன. அதை நிவெஸ் ஒருத்திதான் பார்த்தாள்.

குழியில் இருப்பவளின் குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் வேலை போய்விடும். அவள் உப்புக் கொட்டகைப் பிள்ளை, குரலுக்குப் பஞ்சமில்லை.

"எவாரிஸ்தோ! 'லா' குடுடா!"

தியேட்டர் முழுக்கக் கேட்டது. மேலே யாரோ சிரித்தார்கள். எவாரிஸ்தோ ஒரு நொடி தயங்கினான். பிறகு வாசித்தான். காட்சி தொடங்குமுன் வாத்தியங்கள் எல்லாம் சுருதி சேர்க்கிற அந்த ஒற்றை 'லா'. அதை யாராலும் இறக்க முடியாது. அந்த ஊரில் பால்காரனுக்குக்கூட அது காதில் தழும்பு மாதிரிப் பதிந்திருக்கும். விசில் குறைந்தது. போர்ஸாத்தி குனிந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துகொண்டார்.

ஓபோவின் 'லா'வை அப்படியே வாங்கிப் பாடினார். அங்கிருந்து மேலே 'சி'. அங்கிருந்து 'தோ'. வாத்தியம் இல்லை, வார்த்தை இல்லை. படிக்கட்டில் ஏறிக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். எல்லா விரல்களும் எல்லா வாய்களிலிருந்தும் இறங்கின.

"சரியா இருக்கா?" என்று மேலே பார்த்துக் கேட்டார். பேச்சுக்குரல் கரகரப்பாக இருந்தது. "அரைச் சுருதி கொறையுதுன்னீங்களே. இந்தாங்க."

இன்னும் அரைச் சுருதி மேலே போனார்.

எந்த ஏட்டிலும் எழுதாத ஸ்வரம், எந்தக் கிழவனும் தொடக் கூடாத இடம். நிவெஸ் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். முதல் வரிசையில் மேயரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் கூரை ஓவியத்தில் போய் மோதி, எல்லோர் மேலும் மெதுவாக இறங்கியது. அது நின்ற பிறகும் ஒருவரும் கைதட்டவில்லை. காலரியிலிருந்து ப்ரிமோவின் குரல் மட்டும் வந்தது, கோவிலில் பேசுகிற மாதிரித் தணிந்து.

"அடப் பாவி மனுஷா!"

அப்புறம்தான் கட்டடம் இடிகிற மாதிரி கைதட்டல்.

அதற்கு விலை இருந்தது. நான்காம் அங்கத்தில் போர்ஸாத்தியிடம் குரல் இல்லை. இடைவேளையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, யார் கேட்டாலும் கையை மட்டும் ஆட்டியிருக்கிறார். மூன்று வாரம் சேமித்ததை மூன்றே மூச்சில் செலவழித்துவிட்டார். மிச்சமிருந்தது நூல்தான். அந்த நூலை வைத்துப் பாடினார். மாயெஸ்ட்ரோ வாத்தியங்களை அமுக்கிக்கொண்டே போனார். டிசம்பர் மாதம், எண்ணூறு பேர், ஒரு இருமல் இல்லை. காலரி முன்னால் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

ஆப்பராவின் கதைப்படி அந்த உப்புக் கடத்துகிறவன் சுடப்பட்டு மேடை விளிம்பில் விழ வேண்டும். விழுந்தார். அவர் தலை நிவெஸின் முகத்துக்கு நேரே. மேலே காதலி நின்று தன் புலம்பலைப் பாடத் தொடங்கினாள். அது நீளமான புலம்பல்.

"மொதல்ல விசிலடிச்சவன் நல்லா அடிச்சான்," என்றார் போர்ஸாத்தி, உதடு அசையாமல்.

"அது எங்கப்பா."

"ஓ."

"இறக்கிப் பாடுவீங்கன்னு அவருகிட்ட சொன்னதே நான்தான், சார்."

சாகிறவன் கண்ணைத் திறக்கக் கூடாது. அவர் திறந்தார். வர்ணம் பூசிய இமைகளுக்கு நடுவே சிவந்த, களைத்த கண்கள்.

"ஏன்?"

"மூணு வாரமா வாயே தொறக்கல நீங்க. எங்கள மதிக்கலன்னு கோவம்."

புலம்பல் உயர்ந்து தாழ்ந்தது. அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்று தெரியவில்லை.

"மதிக்கிறதாவது, மிதிக்கிறதாவது. பயம்மா. குரல் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. ஒத்திகையில தொறந்து பாத்து, இல்லன்னா? இன்னிக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டு வருவேன்?"

அந்த 'தோ'வை ஒரு கை தூரத்தில் கேட்டவள் அவள். அது இருக்கிறதா என்று தெரியாமலே வாயைத் திறந்திருக்கிறார். அதற்கு மேலேயும் போயிருக்கிறார்.

"என் கடைசி வரி வருது," என்றார். "எடுத்துக் குடு."

முப்பது வருஷமாகப் பாடுகிற வரி. நிவெஸ் முதல் சொல்லை எடுத்துவிட்டாள். விலா விரிந்தது. முதல் அசைக்குக் காற்று மட்டும் வந்தது. இரண்டாவதில் குரல் வந்தது, மயிரிழை அளவு. அறாமல் கூரைவரை போய், அங்கே நின்று, அணைந்தது. வாத்தியங்கள் முடித்தன. விசிலுக்காக அவள் முதுகெல்லாம் காதாக இருந்தது. விசில் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. திரை இழுக்கிறவன்கூடக் கயிற்றை மறந்து நின்றுவிட்டான்.

"என்ன ஒரு சத்தமும் இல்ல?" செத்துக் கிடந்தவர் கிசுகிசுத்தார். "எல்லாரும் எழுந்து போயிட்டாங்களா?"

கண்ணாடியில் பார்த்தாள். மாயெஸ்ட்ரோவுக்குப் பின்னால், இருட்டில், வரிசை வரிசையாக முகங்கள்.

"இல்ல சார்," என்றாள். "ஒருத்தர்கூடப் போகல."