சாந்திநாதன் எழுதிய டில்லி

டில்லியைப் பார்க்கப் போவது என்று குணமதி தீர்மானித்தது 1957-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ரயில்வேக்காரர் மனைவி என்று பேர்தானே தவிர, வடக்கே காட்பாடியையும் தெற்கே விழுப்புரத்தையும் தாண்டி அவள் ரயிலில் போனதில்லை. கணவர் நேமிநாதன் திருவண்ணாமலை ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். ஊரில் பாதிப் பேருக்கு எங்கெங்கோ போக டிக்கெட் கொடுத்தவர். ரயில்வே அவருக்குக் கொடுக்கும் இலவசப் பாஸ் மட்டும் வருஷா வருஷம் வாங்கப்படாமலே காலாவதியானது.

"இந்தத் தடவை பாஸ் எழுதிப் போடுங்க" என்றாள் குணமதி. "தம்பியைப் பார்த்து ஏழு வருஷம் ஆச்சு. அவன் வரமாட்டான். நாம போவோம்."

நேமிநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "தீபம் முடியட்டும். இப்போ லீவு கேட்டா அடிக்க வருவாங்க" என்றார்.

அது நியாயம்தான். கார்த்திகைத் தீபத்துக்கு ஸ்பெஷல் ரயில்கள் வந்து கொட்டும் கூட்டத்தில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். குணமதி காத்திருக்கத் தயாராக இருந்தாள். தை மாதம் போவது என்று தேதி வைத்துக்கொண்டாள்.

தம்பி சாந்திநாதன் அவளைவிடப் பத்து வயது சின்னவன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, கடைசித் தங்கை பிராமிக்கு மூன்று. இரண்டு பேரையும் வளர்த்தது குணமதிதான். அவளுக்கென்று பிள்ளைகள் பிறக்கவில்லை; அதை அவள் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை. ஐம்பதில் ஒரு நாள் சாந்திநாதன் டில்லியில் சர்க்கார் ஆபீசில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனான். அடுத்த வருஷம் நடந்த பிராமியின் கல்யாணத்துக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டான். ஆனால் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. ஸ்டேஷன் விலாசத்துக்கு வரும். நேமிநாதன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, காகிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவள் எழுதும் பதிலையும், தீபாவளிக்குச் செய்யும் பட்சணத்தையும் அவரே எடுத்துப்போய்ப் பார்சல் போடுவார்.

அந்தக் கடிதங்களிலிருந்துதான் குணமதி டில்லியைத் தெரிந்துகொண்டாள். செங்கோட்டையின் சிவப்புக் கல் மழையில் எப்படிக் கறுக்கும், சாந்தினி சௌக்கில் எந்தச் சந்தில் ஜரிகை விற்பார்கள், ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் எந்த மாதம் கிளிகள் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடங்களை வரிசையாக எழுதினாள். முதல் நாள் இது, இரண்டாம் நாள் இது என்று பிரித்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் ஜைனக் குடும்பம் என்பதால், ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்றுகூட ஓரத்தில் குறித்துவைத்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. கடந்த ஒரு வருஷக் கடிதங்களில் புதிதாக ஓர் இடமும் இல்லை. வெயில், குளிர், உடம்பு சௌக்கியம், அவ்வளவுதான்.

தை மாதத்துக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வேண்டுமே என்று ஒரு நாள் ஜோதியம்மாள் வீட்டுக்குப் போனாள். ஜோதியம்மாளின் கணவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். ஐந்து வருஷம் குடும்பத்தோடு டில்லியில் இருந்தவர்கள். அந்த அம்மாள் இரண்டு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்து, நோட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? காலையில செங்கோட்டை, அங்கேருந்து நடந்து போய் குதுப்மினார்னு போட்டிருக்கே?"

"தம்பி தினம் அப்படித்தான் நடப்பானாம். பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்துடுவானாம்."

"பத்து மைலுக்கு ஜாஸ்தி இருக்கும்மா! நாங்க போகணும்னா பஸ் புடிச்சு, போய் வரவே பாதி நாள் போயிடும். உன் தம்பி எந்தப் பேட்டையில இருக்கான்?"

குணமதி சொன்னாள். ஜோதியம்மாள் யோசித்துப் பார்த்து, அப்படி ஒரு பேட்டையைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றாள். பிறகு, குணமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "புதுசா வந்திருக்கும். ஊரு எங்கியோ போயிடுச்சே இப்போ" என்று சமாளித்தாள்.

அன்று சாயங்காலம் நேமிநாதன் வந்தபோது இலை போட்டிருந்தது, சோறு வைக்கவில்லை. குணமதி கடிதங்களை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷக் கடிதம். உறை ஒன்றுகூட இல்லை.

"என் தம்பி எங்கே இருக்கான்?" என்று கேட்டாள்.

நேமிநாதன் நின்றபடியே இருந்தார். அந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருக்க வேண்டும். சுவரோரம் மெல்ல உட்கார்ந்து, "விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம்" என்றார். "ஒரு ஆஸ்பத்திரியில. பெருவியாதிக்காரங்களுக்குன்னு தனியா இருக்கிற ஆஸ்பத்திரி."

குணமதி மடியிலிருந்த கடிதங்களைக் கீழே வைத்தாள்.

"முதுகுல ஒரு தேமல் இருந்துதே, ஞாபகம் இருக்கா? வேலூர்ல காட்டினோம். குஷ்டம்னு சொல்லிட்டாங்க. அப்போ பிராமிக்குப் பேசிட்டிருந்த நேரம். வெளியில தெரிஞ்சா அந்தப் பொண்ணு கல்யாணம் நடக்குமா? உனக்குச் சொன்னா நீ மறுநாளே அங்கே போய் உக்காந்துப்பே. அதனால சொல்லாதீங்க மாமான்னு என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கினான். கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அவளுக்குக் குழந்தை பொறந்துது. அப்புறம் அப்புறம்னு தள்ளிப் போயிடுச்சு."

"மாசா மாசம் டூட்டின்னு விழுப்புரம் போனீங்களே?"

"அவனைப் பார்க்கத்தான்."

"நான் அனுப்பின அதிரசம்?"

"ஒண்ணுகூட வீணாப் போகலை குணமதி. அவன் சாப்பிடுறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டுத்தான் வருவேன்."

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று இருவருமே சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "நாளைக்குக் காலை வண்டிக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரி ஊரைவிட்டுத் தள்ளி, முந்திரித் தோப்புக்கு நடுவில் இருந்தது. ஒரு கொட்டகையில் சாந்திநாதன் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். புருவம் உதிர்ந்து முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. இடது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. அக்காவைப் பார்த்ததும் எழுந்து இரண்டடி பின்னால் போனான்.

"கிட்ட வராதேக்கா."

குணமதி நேராகப் போய் அவன் எழுந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அவன் நெடுநேரம் நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான்.

"எனக்குப் பக்கத்துக் கட்டில்ல பலராமன்னு ஒருத்தர் இருந்தார்" என்றான், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "டில்லியில பட்டாளத்து லாரி ஓட்டினவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லாரியிலேயே போனவரு, தூரம் எல்லாம் அவருக்குச் சரியாத் தெரியலை. போன வருஷம் செத்துட்டார். அதுக்கப்புறம் எனக்கு எழுத ஒண்ணும் இல்லாமப் போச்சு."

"ஊர் எதுவா இருந்தா என்னடா? உடம்பு வலிக்குதுன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"



பிறகு வந்த டாக்டர் அவர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். மாத்திரை நன்றாக வேலை செய்திருக்கிறது, இரண்டு வருஷமாக உடம்பில் கிருமி இல்லை, இவரால் யாருக்கும் ஒட்டாது, மடங்கிய விரல் மட்டும் அப்படியேதான் இருக்கும் என்றார். "வீட்டுக்குப் போகலாம்னு எப்பவோ சொல்லிட்டேன். இவர்தான் போகமாட்டேங்கிறார்."

"வாடா, இன்னைக்கே போவோம்" என்றாள் குணமதி.

"முடியாதுக்கா. நம்ம ஸ்டேஷன்ல இறங்கினதும் நாலு பேர் கையைப் பார்ப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள கீழ்பென்னாத்தூருக்கு, பிராமி மாமியார் காதுக்குப் போயிடும். அந்தக் குழந்தைகளுக்கு நாளைக்கு யார் பொண்ணு குடுப்பாங்க, எடுப்பாங்க?"

அவன் சொன்னது பொய்யில்லை. வெளியே போய் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் பையில் கைவிட்டு நோட்டை எடுத்தாள்.

"டில்லியில உன்னை யாருக்குடா தெரியும்?"

சாந்திநாதன் புரியாமல் பார்த்தான்.

"எங்களுக்குப் பாஸ் வந்துடும். உனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கலாம். அங்கே நீ யாருன்னு கேக்க ஒருத்தர் இல்லை. என்கூட வெளியில நடந்து வரலாம் இல்லே?"

நேமிநாதன் மைத்துனனைப் பார்த்தார். அவன் கண்கள் நிறைந்திருந்தன. "குதுப்மினார்ல படி ஜாஸ்திக்கா" என்றான். "எனக்குப் பாதத்துல உணர்ச்சி கம்மி."

அதிலிருந்து மாதம் இரண்டு முறை மூவரும் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து பழைய திட்டத்தைக் கலைத்துப் புதிதாகப் போட்டார்கள். ஜோதியம்மாளிடம் கேட்டு வந்த உண்மையான தூரங்களை குணமதி எழுதினாள். கால் புண்ணாகாமல் இருக்க ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்தார்கள். படி அதிகமுள்ள இடங்களைச் சாந்திநாதன் அடித்தான். சிலவற்றை அவள் திரும்ப எழுதினாள். இந்த நோயுள்ளவர்களை ரயிலில் ஏற்றக் கூடாது என்று விதி இருந்ததால், நேமிநாதன் டாக்டரிடம் சர்டிபிகேட் மூன்று பிரதி வாங்கிச் தன் சட்டையில் ஒன்று, மைத்துனனிடம் ஒன்று, மனைவியின் பையில் ஒன்று என்று வைத்தார். சாந்திநாதன் நேரே சென்னைக்கு வந்து சென்ட்ரலில் ஏறிக்கொள்வது என்று முடிவாயிற்று.

தை மாதம் போனார்கள். டில்லியில் ஐந்து நாள் இருந்தார்கள். பனியில் செங்கோட்டையின் மதில் பாதிதான் தெரிந்தது. ஒரு டீக்கடைக்காரன் சாந்திநாதனின் விரலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி டம்ளருக்குப் பதில் மண் குவளையில் டீ கொடுத்தான். குணமதி தனக்கும் மண் குவளையே வேண்டும் என்று ஜாடையால் கேட்டு வாங்கினாள். மற்றபடி ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. குதுப்மினாரில் முதல் அடுக்குவரை ஏறினார்கள். நேமிநாதன் முன்னால் ஏற, குணமதி பின்னால் வந்து ஒவ்வொரு படியிலும் தம்பியின் பாதம் சரியாகப் பதிகிறதா என்று பார்த்துச் சொன்னாள். மேலே போய் மூச்சு வாங்கி நின்றபோது, "இங்கேருந்து யமுனை தெரியும்னு பலராமன் சொன்னார்" என்று சாந்திநாதன் சுற்றிலும் தேடினான். பனியில் ஒன்றும் தெரியவில்லை. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் ஏழு வருஷம் கழித்துக் கேட்டாள்.

திரும்பும்போது ரயிலில், "பிராமிக்கு எழுதப் போறேன்" என்றாள் குணமதி. "நான் ஏமாந்த மாதிரி அவளும் ஏமாற வேணாம்."

"வேணாம்க்கா" என்றான் அவன். "அவ வாழ்க்கை."

"அவ அண்ணன் உயிரோட எங்கே இருக்கான்னு தெரிஞ்சுக்கறதும் அவ வாழ்க்கைதான். அவ பயந்தா பயப்படட்டும். அதை அவளே சொல்லட்டும்."

நேமிநாதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தில் பேசத் தனக்கு இனி வாய் இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். மறுநாள் மாலை நாகபுரியில் வண்டி நின்றபோது சாந்திநாதன் தானே பிளாட்பாரத்தில் இறங்கினான். ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தான். மடங்கிய கையில் பழத்தை அணைத்துப் பிடித்து, மற்றக் கையால் தோலை உரித்தான். கொஞ்சம் நேரம் பிடித்தது. இருவரும் உதவிக்குப் போகாமல் காத்திருந்தார்கள்.

"பொழுது சாயுதுக்கா, சாப்பிடு" என்று முதல் சுளைகளை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"லெட்டர் போடாதே" என்றான். "பங்குனியில கீழ்பென்னாத்தூர் போவோம். நானே அவளுக்குச் சொல்றேன்."