ஏழாவது அகல்

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெபவீட்டில், திருவிருந்துக்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில், ஏழாவது அகல் அணைந்துபோனது. அது செல்லம்மா வீட்டு அகல்.

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மற்ற ஆறும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன. பாஸ்டர் தர்மராஜ் கண்ணைத் திறந்து பார்த்தார். அவரைப் பார்த்து சபையும் கண்ணைத் திறந்தது. அப்பமும் திராட்சரசமும் மேசைமேல் அப்படியே கிடந்தன.

விளக்கு அணைந்தால் தீக்குச்சி கிழித்து ஏற்ற வேண்டியதுதானே என்று வெளியாள் கேட்கலாம். அந்தச் சபையில் அப்படிக் கேட்க முடியாது.

பாஸ்டர் தர்மராஜ் நல்ல பிரசங்கி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மோசே வனாந்தரத்தில் போட்ட ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி அவர் பேசினால், நேற்றுதான் அதற்குள் போய்விட்டு வந்தவர் போல் இருக்கும். பரிசுத்த ஸ்தலத்துக்கு ஜன்னல் கிடையாது. வெயிலும் நிலவும் உள்ளே வராது. ஆசாரியன் அப்பத்தை அடுக்குவதும் தூபம் போடுவதும் ஏழு அகல் வைத்த பொன் குத்துவிளக்கின் வெளிச்சத்தில்தான். அந்த விளக்கு கிறிஸ்து, உள்ளே ஊற்றும் ஒலிவ எண்ணெய் பரிசுத்த ஆவி, வெளிச்சம் படுகிற இடத்தில் எதுவும் ஒளிந்திருக்க முடியாது என்று அவர் சொல்லும்போது, பகல் முழுக்க வேலை பார்த்துக் களைத்த ஜனங்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். பித்தளையில் ஒரு ஏழுகிளை விளக்கைச் செய்ய வைத்து, அகலுக்கு ஒரு குடும்பம் என்று ஏழு குடும்பத்துக்குப் பிரித்தும் கொடுத்துவிட்டார். அவரவர் அகலை அவரவர் கழுவ வேண்டும், எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆராதனை முடியும்வரை அது எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் அந்த வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மோசே இப்படி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. வேதத்தில் இல்லாததைச் சேர்க்கத்தான் மனுஷனுக்கு எத்தனை ஆசை!

இஸ்ரவேல் யாத்திரை போய் வந்த பாஸ்டர், ஏழு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் ஒலிவ எண்ணெயும் கொடுத்தார். லேபிளில் ஸ்பெயின் என்று போட்டிருந்தது. ஒருவரும் படிக்கவில்லை.

ஏழு வீட்டில் ஒன்றாகத் தன் வீடும் வந்ததில் செல்லம்மாவின் புருஷன் ஏசுதாசுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் ஒரு கார் பாகக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. அவனுடைய அப்பன் ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக் கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் பெட்ரோமாக்ஸ் சுமந்து நடந்தவர். மாப்பிள்ளை வீட்டு வாசல் வந்ததும் விளக்கை இன்னொருவன் வாங்கி உள்ளே கொண்டுபோவான். சுமந்தவர் தெருவிலேயே நிற்பார். "எங்கப்பன் வெளிச்சத்த தூக்கிகினு வெளிய நின்னான். எம் வெளக்கு இன்னிக்கி பரிசுத்த ஸ்தலத்துல எரியுது" என்று ஏசுதாஸ் சாட்சி சொன்ன அன்று பாதிச் சபை அழுதது. செல்லம்மாவும் அழுதாள். அது பொய் அழுகை இல்லை.

பிறகு ஷாரோனின் கை உரிந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஷாரோன், போன் பாகம் செய்யும் கம்பெனியில் சர்க்யூட் போர்டு துடைக்கும் லைனில் இருந்தாள். துடைக்கிற திரவம் கையுறைக்குள்ளும் இறங்கி, விரல் நுனியெல்லாம் தோல் கிழிந்து, ரசம் சாதத்தைக்கூட ஸ்பூனில் சாப்பிடும்படி ஆனது. கம்பெனியில் கொடுத்த களிம்பு ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு சாயங்காலம் அகலுக்கு எண்ணெய் எடுத்த செல்லம்மா, மகள் கையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துவிட்டாள். எரிச்சல் அடங்கி ஷாரோன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள்.

அதற்குமேல் எந்தத் தாய் நிறுத்துவாள்? தினமும் தேய்த்தாள். கை தேறியது, பாட்டில் காலியானது. செல்லம்மா அதே பாட்டிலில் ரேஷன் கடைப் பாமாயிலை ஊற்றி வைத்தாள். "புள்ளைக்குத்தானே எடுத்தேன், கோவிச்சிக்காத ஆண்டவரே" என்று ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தாள். வாராவாரம் அகல் எரிந்தது. ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

கோபித்துக்கொண்டது ஏசி. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஆல்வின் என்ற சபைப் பையன் காணிக்கையாக வாங்கிக் கொடுத்த ஏசியை, மார்கழியில், ஏழாவது அகலுக்கு நேர் மேலே மாட்டினார்கள். அகல் அணைவதற்கு முந்தின நாள் உபவாச ஜெபத்திலிருந்து அது ஓடிக்கொண்டே இருந்தது.

அகல் அணைந்ததும் பாஸ்டர் திட்டவில்லை. கண் கலங்கித்தான் பேசினார். "ஏசுதாஸ் பிரதர், உங்க வூட்ல ஏதோ மறைஞ்சி கீது. அடுத்த ஞாயித்துக்கெழமக்குள்ள அது வெளிய வரணும். மொதல்ல பாவ அறிக்க, அப்பறம்தான் வெளக்கு. அதுவரைக்கும் உங்க வூட்டுக்குத் திருவிருந்து இல்ல."

பின்புறக் குழாயடியில் அகலைக் கழுவப்போன செல்லம்மா உள்ளே விரலை விட்டாள். எண்ணெய் வெள்ளையாக, கெட்டியாக உறைந்திருந்தது. குளிர்காலக் காலையில் ரேஷன் எண்ணெய்ப் பாக்கெட் உறைவதைப் பார்த்த எவளுக்கும் அது புரியும். பாவமும் இல்லை, சாபமும் இல்லை, பாமாயில்!

இதை உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் காணிக்கையில் ஒரு பங்கை ஒளித்துவைத்து, பேதுருவின் காலடியில் செத்து விழுந்த சப்பீராளின் கதையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! விளக்கு எண்ணெயைத் திருடினவள் என்று ஏசுதாஸ் முன்னால் நிற்க அவளுக்குத் தைரியமில்லை. வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விரலைத் தேய்த்துக் கழுவினாள்.

வீட்டுக்குப் போவதற்குள் சின்னப்பொண்ணு முந்திக்கொண்டாள். ஆறாவது அகல்காரி அவள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? ஷாரோன் யாரோ ஒரு பையனுடைய பைக்கிலிருந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஏசுதாசிடம் போனில் சொல்லிவிட்டாள்.

"யாருடி அவன்?"

"லைன் லீடர்பா, முபஷ்ஷிரு. அன்னிக்கி கம்பெனி பஸ்ஸு பிரேக்டவுனு. பொண்ணுங்கள ஆளுக்கு ஒரு வண்டில இட்டாந்து வுட்டாங்க. அவருக்கு அடுத்த மாசம் கல்யாணம்பா, பத்திரிக கூட குடுத்தாரு, காட்டட்டா?"

"பொய் சொல்ற."

"நா ஏன்பா பொய் சொல்லப்போறேன்?"

"நீ சொல்லுவ. வெளக்கு பொய் சொல்லுமா?" என்றான் ஏசுதாஸ்.

ஷாரோன் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்லம்மா அடுப்பில் சோறு இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். சோறு எப்போதோ வடித்தாகிவிட்டது.

அந்த வாரம் ஷாரோனின் போன் பிடுங்கப்பட்டது. வேலைக்குப் போகக்கூடாது என்றாகிவிட்டது. ஏசுதாஸ் மகளோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. சொல்லிவிடலாம் என்று செல்லம்மா தினமும் வாய் திறப்பாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது கேட்பாள். கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணெய் ஊற்றினால் அகல் எரியும். அகல் எரிந்தால் வீட்டில் பாவமில்லை என்றாகிவிடும். மகள் பேரும் தப்பும், தன் பேரும் தப்பும்.

பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் ஒரு வழி! கூடுவாஞ்சேரியில் தான் பெருக்கித் துடைக்கும் அப்பார்ட்மெண்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் புது பாட்டில் ஒலிவ எண்ணெய் வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் அகலைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் திரி இட்டு, விளிம்புவரை ஊற்றினாள். மொதல்ல அறிக்கை, அப்புறம்தான் விளக்கு என்று பாஸ்டர் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு அகலும் எரிய, ஏழாவது மட்டும் ஏற்றாமல் இருந்தது. பாஸ்டர் மூன்று பேரையும் முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மறச்சி வெச்சது யாரு? இப்ப சொன்னா மன்னிப்பு உண்டு."

செல்லம்மாவுக்கு இனிமேல் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டது. சொல்லிவிடுவோம், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தரையில் கை ஊன்றி எழப்போனாள். அவள் முழங்கால்மேல் ஒரு கை வந்து அழுத்தியது. ஷாரோனின் கை. தோல் மழமழவென்று தேறி, குழந்தை கை மாதிரி இருந்தது.

"நான்தான் பாஸ்டர்" என்று ஷாரோன் எழுந்து நின்றாள்.

"அந்தப் பையனா?"

"ஆமா."

அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் சபையே சொல்லிக்கொண்டது. ஏசுதாஸ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாஸ்டர் ஜெபம் பண்ணி ஏழாவது அகலை ஏற்றினார். அது எரிந்தது. எப்படி எரிந்தது! மற்ற ஆறையும்விட உயரமாக, புகையில்லாமல், ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் எரிந்தது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சபை கை தட்டியது. பாவம் வெளியே வந்ததும் வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது பாருங்கள் என்றார் பாஸ்டர். அதன்பிறகு ஷாரோன் குற்றமற்றவள் என்று அந்த ஆண்டவரே இறங்கி வந்து சொன்னாலும் நம்புகிற ஆள் அங்கே இல்லை.

பெண்ணை வைத்திருப்பது மடியில் நெருப்பு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நெம்மேலியில் தண்ணீர் லாரி ஓட்டும் கலைவாணனைப் பாஸ்டரே பார்த்து முடித்தார். மனைவியை இழந்தவன், இரண்டு பிள்ளைகள், ஷாரோனைவிடப் பதினெட்டு வயது மூத்தவன். தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் ஷாரோன் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து செல்லம்மா நெம்மேலிக்குப் போனாள். கடலுக்குப் பக்கத்தில் வீடு. ஷாரோன் வாசலில் உட்கார்ந்து, லாரிக்காரன் உடுப்பைச் சலவைச் சோடா போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் மறுபடி உரிந்து சிவந்திருந்தது. செல்லம்மா பையிலிருந்து ஒலிவ எண்ணெய் பாட்டிலை எடுத்தாள்.

"எதுக்கும்மா?"

"கைக்கு, கண்ணு."

ஷாரோன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நீ தேச்ச வெளக்கு எண்ண வாசன எனக்குத் தெரியாதா? தலகாணிலல்லாம் அடிச்சிது. பாட்டில்ல நீ பாமாயில் ஊத்தினப்பவே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன்டி அன்னிக்கி சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன். அப்பா கேட்டப்ப, வெளக்கு பொய் சொல்லுமான்னு, அப்ப உன்னத்தான் பாத்தேன். நீ அடுப்புகிட்ட பூட்ட." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் செல்லம்மா தாங்கியிருப்பாள். "எனக்குத் தேச்சி வுட்டதுக்குத்தானே உனக்கு அந்த கதி. உன்ன எப்பிடி நா காட்டிக் குடுக்கறது?"

"இப்ப சொல்லிடறேன்டி. பாஸ்டரு கிட்ட, ஒங்கப்பா கிட்ட, எல்லார் கிட்டயும்."

"இனிமே சொல்லி இன்னா ஆவப்போது? தாலி ஏறியாச்சி." பாட்டிலைத் திரும்ப அம்மாவின் பைக்குள் வைத்தாள். "இத எடுத்துகினு போ. வெளக்குக்கே ஊத்து."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழாவது அகல் நன்றாக எரிந்தது. பாஸ்டர் அதைக் கைகாட்டி, இந்த வீட்டில் ஆண்டவர் செய்த காரியத்துக்கு ஒரு சாட்சி சொல்லுங்கள் என்று செல்லம்மாவைக் கேட்டார். ஏசுதாஸ் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்து நின்றாள். அகலைப் பார்த்தாள். சபை காத்திருந்தது.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.