பிளாரன்ஸ் சொன்ன சாட்சி

கோர்ட்டு வராந்தாவில் அந்தோணியம்மாளைத் தாண்டிப் போனபோது பிளாரன்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். சாட்சி சொன்ன படபடப்பாக இருக்கும் என்றுதான் அந்தோணியம்மாள் நினைத்தாள். அடுத்தது அந்தோணியம்மாளின் முறை.

எழுபத்தேழாம் வருஷம். துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த ஒரு விசைப்படகு, ஊர் வள்ளங்களின் வலையை இரண்டு தடவை அறுத்துவிட்டுப் போயிருந்தது. பிறகு அதே படகு இஞ்சின் பழுதாகி ஊர்க் கரையிலேயே ஒதுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது எரிந்தது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தோணியம்மாளும் பிளாரன்ஸும் கண்ணாரப் பார்த்தார்கள். மண்ணெண்ணெய் டின்னோடு ஓடினவன் ஊர்த் தலைவர் கிளாட்வினின் மகன் வில்பிரட். தீயை அணைக்க ஓடி வந்தவன் சொரிமுத்து. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து ஐஸ் சுமக்கிறவன். அவன் கை இரண்டும் வெந்துபோயிற்று. வெந்த கையை வைத்தே போலீஸ் அவனைப் பிடித்தது. ஊர்க் கமிட்டியும் அவன் பெயரையே எழுதிக் கொடுத்தது. அவனுக்காக ஏனென்று கேட்க அந்தக் கரையில் யாருமில்லை.

அந்தோணியம்மாளுக்கு வாயைத் திறக்கிற எண்ணமே இல்லை. புருஷன் மரியான் சரக்குத் தோணி வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தான்; வர மாசக்கணக்காகும். பிளாரன்ஸ்தான் விடவில்லை.

“ஏளா, பாத்தத நம்ம சொல்லாட்டி அந்த மனுசன் செயிலுக்குப் போவான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பூசையில நன்மை வாங்கப் போவோம்?”

“பயமா இருக்குளா. அவரும் ஊர்ல இல்ல.”

“நான் இருக்கம்லா? ரெண்டு பேருமாச் சொல்லுவோம். பொய்க்குத் துணை போனா ஆண்டவரு கேப்பாரு.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் முழங்கால்போட வைத்தாள். இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். மறுநாளே சொரிமுத்துவின் வக்கீலைப் போய்ப் பார்த்தார்கள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் கூட்டம் போட்டார்கள். “ஊரக் காட்டிக் குடுக்கவளுக்கு ஊர்ல என்ன சோலி?” என்றார் கிளாட்வின். அன்றிலிருந்து, கூடையில் மீன் விற்றுப் பிழைத்த அந்த இரண்டு பேருக்கும் ஏலத்தில் மீன் விடவில்லை. குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பங்குச் சாமியார்கூட, “ஊர் ரெண்டுபட்டுரும், யோசிச்சிச் செய்யும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிளாரன்ஸ் மட்டும் கிண்ணத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டு புறவாசல் வழியே வருவாள். “ஆண்டவரு பாத்துக்கிட்டுதாம்ளா இருக்காரு” என்பாள். அந்த ஒரு வார்த்தையில்தான் நாலு மாசம் ஓடியது. கடைசி இரண்டு வாரம் அவளும் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

கூண்டில் ஏறியதும் அரசாங்க வக்கீல் கேட்டார்.

“பிளாரன்ஸ் உங்களுக்கு யாரும்மா?”

“எங்கூட்டாளிய்யா. சின்னதுலருந்தே.”

“அவங்க இப்பத்தான் சத்தியம் பண்ணிச் சொல்லிட்டுப் போனாங்க. தீ வச்சது சொரிமுத்துதானாம். நீங்க அன்னைக்குக் கரைக்கே வரலையாம். சொரிமுத்து பொண்டாட்டி வந்து அழுததால பொய் சொல்ல ஒத்துக்கிட்டீங்களாம். என்ன சொல்றீங்க?”

அந்தோணியம்மாள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின் வரிசையில் கிளாட்வின் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வக்கீல் குரலைத் தணித்தார்.

“தூரத்துல இருந்து சரியாத் தெரியலன்னு சொன்னாக்கூடப் போதும். நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

சொல்லிவிடலாம். நாளைக்கே ஏலத்தில் மீன் கிடைக்கும். கூட வருகிறேன் என்றவளே விட்டுவிட்டுப் போன பிறகு யாருக்காக நிற்பது? ஆண்டவரே, நீருமா என்னைக் கைவிட்டீர் என்று மனசுக்குள் கேட்டாள். எதிரே சொரிமுத்து நின்றான். தோல் சுருங்கிப்போன கைகளைக் கூப்பக்கூட முடியாமல் தொங்கவிட்டிருந்தான்.

“அவ என்ன சொன்னாலும் நான் அங்கனதான் நின்னேன்யா” என்றாள். “டின்னோட ஓடுனது வில்பிரட்டு. இவரு தீய அணைக்க வந்தவரு. ஆண்டவருக்கு முன்னால சொல்லுதேன், இதுல ஒரு பொய் கிடையாது.”

சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று சொல்லி மாஜிஸ்திரேட் சொரிமுத்துவை விடுதலை செய்தார். வில்பிரட்டை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மாதம் கோயிலில் பிளாரன்ஸின் மகளுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை கிளாட்வினின் தங்கை மகன். அந்த இரண்டு வாரக் காய்ச்சல் என்னவென்று அந்தோணியம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு நாள் காலையில் பிளாரன்ஸ் புறவாசலில் வந்து நின்றாள்.

“எம்பிள்ளைக்காகத்தாம்ளா சொன்னேன். இல்லன்னா சம்மந்தத்த முறிச்சிருவோம்னாங்க.”

“பிள்ளைக்காக அவன் பேரச் சொன்ன. நான் கரைக்கே வரலன்னு எதுக்குளா சொன்ன? என்னயப் பொய்க்காரி ஆக்கணும்னும் கேட்டாங்களா?”

பிளாரன்ஸ் அழுதாள்.

“நான் பயந்து வீட்டுக்குள்ள கிடந்தவ. பீடத்துக்கு இழுத்துட்டுப் போனது நீ.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே அழுகைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. அந்தோணியம்மாள் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

“சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன், ஆண்டவரே” என்றாள் கடைசியில். “அவள மன்னிக்கணும்னும் சொல்லுவீரு. தெரியும். இன்னைக்கி என்னால ஆகாது.”

பிறகு எழுந்து, மீன்கூடையை எடுத்துக்கொண்டு, தன்னைத் தெரியாமல் மீன் விடுகிற கரை ஏதாவது இருக்குமா என்று பார்க்க பஸ்ஸுக்கு நடந்தாள்.